வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு, ஐந்தாம் வகுப்பு அறையில் நம் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியட்டும் என்றுதான் இந்த நேரம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி.

போன கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டை நீட்டினேன். ஓர் அம்மா, "எங்கே சார் கையெழுத்து?" என்று கேட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, வாசித்துக் காட்டாமல் நீட்டியது நான். இந்த முறை வாசித்த பிறகுதான் கையெழுத்து.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் யோசனை சொல்ல ஆலோசனைக் குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 15 பேர், எல்லாரும் விஷயம் தெரிந்தவர்கள். ஆனால் நம் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் நம் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைவரும் உங்களில் ஒருவர்தான், நான் வெறும் கூட்டுநர். உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு யோசனை மட்டும்தான் சொல்லலாம். நம்முடையது அரசுப் பள்ளி. வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த மானியம் எதற்குச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. கணக்கைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை முதலில் தாழ்ப்பாள். அடுத்து காலை உணவு. சின்னப் பிள்ளைகள் தட்டில் நிறைய மிச்சம் வைக்கிறார்கள். உப்பா, காரமா, ஆறிப்போகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாரம் ஒரு நாள் இரண்டு அம்மாக்கள் காலையில் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொன்னால் தெரிந்துவிடும்.

அப்புறம் கண்ணாடி. மருத்துவக் குழு வந்தபோது ஆறு பிள்ளைகளுக்குக் கண் பார்வை குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்கு பேர் இன்னும் கரும்பலகை ஓரம் வந்து நின்றுதான் எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து யாராவது கட்டாயம் வர வேண்டும். மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

வர முடியாதவர்கள், சொல்ல வேண்டியதைப் பிள்ளையின் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராதென்றால் சத்துணவு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி