சாந்திக்கு, அயர்லாந்தின் வட கார்க்கிலிருந்து

8 பிப்ரவரி 2026, ஞாயிறு

அன்புள்ள சாந்தி,

பொங்கல் கழிந்து உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. உடனே பதில் எழுத நினைத்தேன், மாடுகள் விடவில்லை. இங்கே பிப்ரவரி என்றால் கன்று ஈனும் மாதம். நம்ம ஊரில் மாதிரி ஒன்று சித்திரையில், ஒன்று ஐப்பசியில் என்று இருக்காது. புல் முளைத்து வரும் சமயத்தில் பால் மடியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மந்தையில் முக்கால்வாசியை ஆறு வாரத்துக்குள் ஈன வைத்துவிடுவார்கள். அயர்லாந்தின் பெரும்பாலான பால் பண்ணைகளில் இதுதான் முறை. டிசம்பரில் கறவை வற்றிவிடும், இப்போது இராத்திரி பகல் தெரியாது. கொட்டகையில் கேமரா வைத்திருக்கிறார்கள். நான் வேலை செய்யும் பண்ணையின் சொந்தக்காரரான பெரியவர் படுக்கையிலிருந்தே போனில் பார்த்து, ஏதாவது ஒரு மாடு வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் எழுந்து போய்விடுவார். எனக்கு விடியற்காலை ஆறரைக்குக் கறவை.

நீ கன்றுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று லிட்டர் சீம்பால், அதுவும் தாயின் முதல் கறவையிலிருந்து. இது இங்கே சட்டம் மாதிரி. தானாகக் குடிக்காத கன்றுக்கு ரப்பர் காம்பு வைத்த புட்டியில் கொடுப்பேன். நேற்று ஒரு கிடேரிக் கன்று, நாக்கை வெளியே போட்டுக்கொண்டு கிடந்தது. வைக்கோலால் மூக்கைக் குடைந்து தும்ம வைத்து, விலாவைத் தேய்த்து, அரை மணி நேரம் மடியில் வைத்திருந்து புகட்டினேன். இன்று காலையில் என் கோட்டுப் பொத்தானைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் காதுத் தோடு. மாட்டுவதோடு சரி இல்லை, அந்தத் தோடே காதிலிருந்து ஒரு துளி சதையை எடுத்துச் சின்னக் குப்பியில் அடைத்துவிடும். அதை உறையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பிவிடி என்ற வைரஸ் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக 2013லிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் இது கட்டாயம்.

கறவை முடிந்ததும் பெரியவர் வீட்டுச் சமையலறையில் டீ. ரேடியோவில் உள்ளூர் நிலையம் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும். இன்னார், இன்ன ஊர், உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, திருப்பலி எத்தனை மணிக்கு. அந்த நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள். தெரிந்த பெயர் வந்தால் அன்று மாலைக் கறவையைச் சீக்கிரம் முடித்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மழையில் வரிசையில் நின்று, வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார்கள். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இதுதான்.

ஆனால் அந்தச் சமையலறையில் இந்தக் குளிர்காலம் முழுக்கக் கலகலப்பே இல்லை. முதல் காரணம் காசநோய், மாட்டுக் காசநோய். 1954லிருந்து இந்த நாடு அதை ஒழிக்கப் பாடுபடுகிறது, இன்னும் முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு மந்தைக்கும் பரிசோதனை உண்டு. டாக்டர் வந்து மாட்டின் கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் முடியைக் கத்தரித்து, தோலின் தடிமனை அளந்து, இரண்டு ஊசி போடுவார். மூன்றாம் நாள் மறுபடி வந்து அளப்பார். கீழ் ஊசி போட்ட இடம் அதிகமாக வீங்கியிருந்தால் அந்த மாடு போய்விட்டது என்று அர்த்தம். நவம்பரில் இங்கே இரண்டு மாடுகளுக்கு அப்படி ஆனது. ஒன்று மந்தையிலேயே மூத்தது, எப்போதும் முதல் ஆளாகக் கறவைக்கு வந்து நிற்கும். வயிற்றில் கன்றோடு லாரியில் ஏற்றினார்கள். அரசு இழப்பீடு தருகிறது, சந்தை மதிப்புக்குத்தான் தருகிறது. ஆனால் அறுபது நாள் இடைவெளியில் இரண்டு பரிசோதனை சுத்தமாக வரும்வரை பண்ணை பூட்டிக் கிடக்கும். மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. மூன்று வாரத்தில் விற்றுவிடும் காளைக்கன்றுகள் எல்லாம் கொட்டகையிலேயே நிற்கின்றன. மாட்டிறைச்சி விலை போன வருஷம் இதுவரை இல்லாத உயரத்துக்குப் போய், கன்று விலையும் கூடவே ஏறியிருக்கிற சமயத்தில் இப்படி.

இரண்டாவது பால் விலை. போன வருஷம் இதே சமயம் லிட்டருக்கு 50 சென்ட்டை ஒட்டி வந்தது. வெண்ணெய் விலை உலகம் முழுக்கச் சரிந்ததும் இலையுதிர் காலத்திலிருந்து மாசாமாசம் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது 40க்கு நன்றாகக் கீழே. இந்த நாட்டில் விளைகிற பால் பொருள்களில் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. அதனால் உலகச் சந்தைக்குத் தும்மல் வந்தால் இந்தச் சமையலறைக்குக் காய்ச்சல்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம், நைட்ரேட் விதி. சாணியிலிருக்கும் நைட்ரஜன் தண்ணீரில் கலந்து ஆற்றைக் கெடுக்கக்கூடாது என்று போட்டது. உனக்குப் புரிகிற மாதிரி மாட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு கறவை மாட்டின் சாணியிலும் மூத்திரத்திலும் வருஷத்துக்குச் சுமார் 92 கிலோ நைட்ரஜன் என்று வைத்துக்கொள். ஐரோப்பிய விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு, அதாவது நம்ம இரண்டரை ஏக்கருக்கு, 170 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அப்படியென்றால் இரண்டு மாடுகூட முழுசாக வராது. இங்கே புல் வளரும் காலம் நீளம், அதனால் 250 வரை போகலாம் என்று அயர்லாந்துக்குத் தனிச் சலுகை கொடுத்திருந்தார்கள். 2024 ஜனவரியிலிருந்து தண்ணீர் கெட்டுவரும் பகுதிகளில் அதை 220 ஆக்கிவிட்டார்கள். சலுகையே போய்விடுமோ என்று போன வருஷம் முழுக்கப் பேச்சு. டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஓட்டெடுத்து 2028 வரை நீட்டியிருக்கிறார்கள், புது நிபந்தனைகளோடு.

இதன் பின்கதை தெரிந்தால்தான் கோபம் புரியும். 1984லிருந்து 2015 வரை இவ்வளவு பால்தான் கறக்கலாம் என்று ஐரோப்பா ஒதுக்கீடு வைத்திருந்தது. 2015 ஏப்ரலில் அது ஒழிந்ததும் அரசு, வங்கி, பால் கம்பெனி எல்லோரும் ஒரே குரலில் மாட்டைப் பெருக்குங்கள் என்றார்கள். கறவை மாடுகள் 11 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 15 லட்சத்தைத் தாண்டின. பெரியவரும் 2016ல் கடன் வாங்கி மாடுகளை எண்பதுக்கு மேல் கொண்டுபோய், புதுக் கொட்டகையும் கறவைக்கூடமும் கட்டினார். பதினைந்து வருஷக் கடன். விதி சில வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது, கடன் மாறவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன் சாந்தி, இவர்களை அரிப்பது இந்த வருஷத்து நஷ்டம் இல்லை. விலை இறங்கும், ஏறும், அதெல்லாம் இவர்கள் பரம்பரையாகப் பார்த்தது. ஐந்து வருஷம் கழித்து எது செல்லும், எது செல்லாது என்று யாராலும் சொல்ல முடியவில்லையே, அதுதான்.

அதற்காகத் தண்ணீர் கெடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்த நாட்டு ஆறுகளில் பாதிக்குப் பாதிதான் நல்ல நிலையில் இருக்கின்றன. தெற்கிலும் தென்கிழக்கிலும், அதாவது மாடுகள் நெருக்கமாக இருக்கிற இடங்களில், நைட்ரேட்டும் அதிகம். போன ஆகஸ்டில் நாங்கள் மாலை நடைக்குப் போகிற பிளாக்வாட்டர் ஆற்றில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துப்போயின. அது யாரால் நடந்தது என்று நிலைநாட்டப்படவில்லை, விவசாயிகள் மேல் பழி போட ஆதாரமும் இல்லை. ஆனாலும் கொட்டகைக்கு அடியில் நிறைகிற சாணிக் கரைசல் எங்கே போகிறது என்று தினமும் பார்க்கிறவள் நான். அதைக் குளிர்காலத்தில் வயலில் இறைக்கத் தடை உண்டு. எங்கள் மாவட்டத்தில் ஜனவரி 12 கழிந்துதான் அனுமதி திறக்கும். திறந்த அன்று வயல் முழுக்க ஈரம், தொட்டியோ விளிம்பு வரை. காலண்டரைப் பார்த்து விவசாயம் செய்யச் சொல்கிறார்கள் என்று பெரியவர் சலித்துக்கொண்டார், ஆனால் இறைக்கவில்லை. மண் காயட்டும் என்று பத்து நாள் பொறுத்தார். தொட்டியைக் கலக்கிய அன்று மாடுகளை வெளியே ஓட்டி, கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, முதல் அரை மணி நேரம் என்னைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை. அதிலிருந்து கிளம்பும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இந்த நாட்டில் வேலை செய்யும்போது சாகிறவர்களில் விவசாயிகள்தான் அதிகம், அதிலும் வயதானவர்கள்.

மெர்கோசுர் பற்றி நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். பிரேசில், அர்ஜென்டினா பக்கமிருந்து 99,000 டன் மாட்டிறைச்சியைக் குறைந்த வரியில் ஐரோப்பாவுக்குள் விடுகிற ஒப்பந்தம். ஜனவரியில் அத்லோன் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அயர்லாந்து எதிர்த்து ஓட்டுப் போட்டது, பிரான்சும் போலந்தும்கூட எதிர்த்தன, ஆனாலும் நிறைவேறிக் கையெழுத்தாகிவிட்டது. பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியிருக்கிறது. இங்கே ஒரு கன்றின் காதுச் சதைகூடக் கணக்கில் வருகிறது, ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக் ஊசிக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். அதே கண்டிப்பு இல்லாத இறைச்சி பக்கத்து அலமாரியில் மலிவாக வந்து உட்கார்ந்தால் எரிச்சல் வராதா? வரத்தான் செய்யும், எனக்கே வருகிறது.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

பெரியவருக்கு எழுபத்தொன்று. மகன் ஆஸ்திரேலியாவில் இன்ஜினியர், மகள் டப்ளினில் டீச்சர், இரண்டு பேரும் திரும்பி வரப்போவதில்லை. இது இவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2020 கணக்கெடுப்பில் பண்ணைக்காரர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர், 35க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். நிலத்தை விற்பதும் இங்கே அபூர்வம். நம்ம ஊரில் வீட்டு வாடகைக்குப் போடுகிற மாதிரி பதினோரு மாச ஒப்பந்தத்தில் குத்தகைக்கு விடுகிற பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பதினோரு மாசத்துக்கு நிலம் எடுத்தவன் சுண்ணாம்பு போடுவானா, வடிகால் வெட்டுவானா? அதனால் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் குத்தகை விட்டால் அந்தப் பணத்துக்கு ஒரு வரம்பு வரை வருமான வரி இல்லை என்று அரசு சலுகை கொடுக்கிறது.

போன வாரம் புனித பிரிஜித் நாளன்று டீ குடிக்கும்போது பெரியவர் சொன்னார்: நிலத்தையும் கறவைக்கூடத்தையும் உனக்குப் பத்து வருஷக் குத்தகைக்கு விடுகிறேன், மாடுகளைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்வோம், உன் பாதியைப் பால் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள். எனக்குப் பேச்சே வரவில்லை. அவருடைய மனைவிதான் அதைவிட ஒரு படி மேலே போய், குத்தகையும் ஹெர்ட் நம்பரும், அதாவது மந்தையின் அரசுப் பதிவு எண்ணும், உன் பேரில் இருக்க வேண்டும், உன் வீட்டுக்காரர் பேரில் வேண்டாம் என்றார். அந்த அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மாடுகளோடுதான் கிடக்கிறார். கன்றுகளை வளர்த்தது அவர், கணக்கு எழுதியது அவர். ஒரு காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. இந்த நாட்டுப் பண்ணைக்காரர்களில் பெண்கள் 13 சதவீதம்தான்.

எங்களுக்குக் குடியுரிமை வந்துவிட்டதால் சட்டப்படி தடை ஏதும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் பயப்படுகிறார். ஆஸ்பத்திரிச் சம்பளம் மாசமானால் வருகிறது, அதை நம்பி நீ கடனில் இறங்கினால் 2028ல் சலுகை போய்ப் பாதி மாட்டை விற்கச் சொன்னால் என்ன செய்வாய் என்கிறார். நியாயமான கேள்வி. எண்பது மாட்டுக்கு நிலம் போதும் என்பது 250 கணக்கில்தான். 170 என்று வந்தால் ஐம்பத்தைந்து மாட்டுக்கு மேல் நிறுத்த முடியாது, குத்தகைப் பணமோ குறையாது. காசநோய்ப் பூட்டு எப்போது திறக்கும் என்றும் தெரியாது. ஆனால் எனக்கு ஆசை இருக்கிறது சாந்தி, மறைக்கவில்லை. இந்த மந்தையில் எந்த மாட்டுக்கு எந்தக் காம்பு கடினம் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

நீ இருபது மாட்டை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றி, உன் மாமனாரிடம் விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு நிலம் எடுத்து, எல்லாக் கஷ்டத்தையும் பட்டவள். உன் ஒப்பந்தத்தில் எதை எழுதாமல் விட்டதற்காகப் பின்னால் வருந்தினாய் என்று சொல். ஐம்பத்தைந்து மாட்டில் இது நிற்குமா என்பதை நீயும் ஒரு தடவை போட்டுப் பார். வரவு செலவைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், தீவன விலையும் கரண்ட் பில்லும் உட்பட. மார்ச் மாசம் பேட்ரிக் திருநாளுக்குள் பதில் சொல்வதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எனக்கு மதியம் இரண்டு மணி, உனக்கு இராத்திரி ஏழரை. அப்போதுதான் இரண்டு பேருக்கும் கறவை இல்லாத நேரம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். அந்தச் செவலை மாட்டுக்கு மடிவீக்கம் சரியாகிவிட்டதா என்றும் சொல்.

அன்புடன்,
மல்லிகா