வட்டியல்ல, பாத்தியதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிறுவனங்களின் கடன் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையில், விமானம் போன்றவற்றின் மீதான கடன், குத்தகை உரிமைகளைப் பல நாடுகளுக்கும் பொதுவாக வகுக்கும் 2001ஆம் ஆண்டு கேப் டவுன் உடன்படிக்கையின் மையச் சொல் ‘சர்வதேச வட்டி’ என்று அச்சாகியிருந்தது. ‘இன்டரெஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டதால் வந்த வினை. அங்கே பேசப்படுவது வட்டியே அல்ல, விமானத்தின் மீது ஒருவருக்குள்ள பாத்தியதை, அதாவது சட்ட உரிமை. கடனுக்கு அதைப் பிணையாகப் பிடித்துக்கொண்டவர், முழு விலையும் வந்து சேரும்வரை உரிமையை விடாமல் விற்றவர், குத்தகைக்கு விட்டவர் ஆகிய மூவரின் பிடிக்கும் அதுதான் பெயர்.

அதைவிடப் பெரிய குழப்பம், இரண்டு பதிவேடுகளை ஒன்றாக்கியது. விமானத்தின் மேல் ‘9எம்’ என்று தொடங்கும் குறியை வழங்குவது நம் மலேசியாவின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 1944 சிக்காகோ உடன்படிக்கைப்படி அது விமானத்தின் நாடு எது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். யார் கடன் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பாத்தியதைகள் ஏறுவது அயர்லாந்தின் டப்ளினிலிருந்து இணையவழி இயங்கும் சர்வதேசப் பதிவகத்தில். காருக்கென்றால், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே தரும் உரிமைச் சான்றில் (கிராண்டில்) கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கும். சுங்கை சிப்பூட்டில் பழைய மைவி வாங்குகிறவர்கூட அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். விமானத்துக்கு அப்படி ஒரே தாள் கிடையாது, இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

டப்ளின் பதிவகத்துக்கு விமானம் ஒரே பொருளும் அல்ல. உடற்பகுதி தனி, எஞ்சின் ஒவ்வொன்றும் தனி. இரட்டை எஞ்சின் ஜெட்டுக்கு மூன்று பதிவு. பழுதுபார்க்க இறக்கிய எஞ்சின் நாளை வேறு விமானத்தில் ஏறலாம். ஏறினாலும் அதன் உரிமையாளர் மாறுவதில்லை. (ஹெலிகாப்டரில் பூட்டிய எஞ்சின் மட்டும் ஹெலிகாப்டரோடு சேர்த்தி.) தேடுவது தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் மூன்றையும் வைத்து. எஞ்சின் தகட்டில் உள்ள எண்ணைப் பதியும்போது ஓர் இலக்கம் பிசகினால், தேடுகிறவருக்கு அந்தப் பதிவு அகப்படாது. அகப்படாத பதிவைக் காட்டி முன்னுரிமை கேட்க முடியாது.

முன்னுரிமை முதலில் பதிந்தவருக்கே. பதியாத பழைய பாத்தியதை ஒன்று இருப்பது தெரிந்தே ஒருவர் தன்னுடையதைப் பதிந்தாலும் அவர்தான் முந்துவார். இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். யாருக்கு எது எப்போது தெரியும் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

பறப்பதெல்லாம் இதில் அடங்காது. உடற்பகுதி என்றால் பணியாளர் உட்படக் குறைந்தது 8 பேரையோ 2,750 கிலோவுக்கு மேல் சரக்கையோ ஏற்றச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஜெட் எஞ்சினுக்குக் குறைந்தது 1,750 பவுண்டு உந்துவிசை. செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ட்ரோன் வைத்திருப்பவர் டப்ளின் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை.

‘ஐடேரா’வைக் கட்டுரை வெறும் ‘அனுமதிக் கடிதம்’ என்றது. விமானத்தை நாட்டின் பதிவிலிருந்து நீக்கி நாட்டைவிட்டுக் கொண்டுபோகும் அதிகாரத்தைக் கடனாளி முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அது. பெற்றவர் சம்மதிக்காமல் அதைத் திரும்பப் பெற முடியாது. உடன்படிக்கை தந்த படிவத்திலேயே எழுதி, விமான ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். பெட்டியில் பூட்டிவைத்தால் பயனில்லை. பயன்படுத்தும் நாளிலும், தமக்கு முன்னே பதிந்தவர்களின் பாத்தியதை தீர்ந்திருக்க வேண்டும், அல்லது அவர்கள் சம்மதித்திருக்க வேண்டும்.

கையெழுத்திட்டால் மட்டும் போதாது, உள்நாட்டுச் சட்டமும் வேண்டும். மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் 659ஆவது சட்டம் அதற்காகவே வந்தது. இந்தியா 2008இல் சேர்ந்தும் உடனே தனிச் சட்டம் இயற்றவில்லை. 2023இல் அங்கே கோ ஃபர்ஸ்ட் என்ற விமான நிறுவனம் நொடித்தபோது, குத்தகைக்கு விட்டவர்கள் தங்கள் விமானங்களை மீட்க நீதிமன்றப் படி ஏறினார்கள். சட்டம் 2025இல்தான் வந்தது.

கடைசியாக ஒரு திருத்தம். நிறுவனம் நொடித்தால் அதன் திவால் நிர்வாகி 40 நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும், இல்லையேல் விமானத்தை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மலேசியா அறிவித்திருப்பது 40 வேலைநாள். சனி, ஞாயிறு, பெருநாள் விடுமுறைகளைக் கழித்தால் அது இரண்டு மாதத்தை நெருங்கும். அதுவரை விமானத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் அந்த நிர்வாகியுடையதே. அடுத்த ஞாயிறு இதையும் ‘வட்டி’யையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்பூட், பேராக்