பன்னிரண்டாம் வகுப்பு பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தால் பாதி வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்காது.

சென்ற வாரம் கழிப்பறைக்குப் பின்னால் பெருக்கிய அக்கா, ஒரு காலி பீர் டின்னையும், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரை அட்டையையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஒரு பையன் மாட்டுவான், மற்றவர்கள் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்வார்கள். எனக்கு உறுத்தியது வேறு. டின் மட்டும் கிடந்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இரண்டும் ஒன்றாகக் கிடந்ததுதான் பயம்.

மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளுக்கு அதுதான் பிரேக். மது அந்த பிரேக்கை அழுத்தும்; தூக்க மாத்திரையும் அதையேதான் அழுத்தும். இரண்டும் சேர்ந்தால் மூச்சுவிடச் சொல்லும் பகுதிவரை மந்தமாகிவிடும். டேப்பென்டடால் போன்ற வலி மாத்திரைகள் வேறு வழியாகப் போய் அதே மூச்சைத்தான் குறைக்கின்றன. உயிர் பிழைத்தாலும், அன்றிரவு பிராணவாயு குறைந்ததன் சேதம் ஞாபகத்தைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் தங்கிவிடலாம். "நேத்து என்ன நடந்ததுன்னே தெரியல சார்" என்று பையன்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது மறதி இல்லை. மூளை அதைப் பதியவே இல்லை. அடிக்கடி இப்படி ஆனால், போதையில்லாத நாளில் படிப்பதும் சரியாகத் தங்காது.

கஞ்சாவோடு மது சேர்ந்தால் கஞ்சாவின் போதைப்பொருள் ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. கொக்கைன் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாத விலை. இருந்தாலும் சொல்கிறேன், அதோடு மது சேர்ந்தால் கல்லீரலே கோகாஎத்திலீன் என்ற மூன்றாவது நஞ்சைத் தயாரிக்கிறது. அது இதயத்தை இன்னும் அதிகமாகத் தாக்கும்.

யோசித்து முடிவெடுக்க வைக்கும் முன்மூளை முழுதாக வளர ஏறக்குறைய 25 வயதாகும். நம் பிள்ளைகளுக்கு 17. வளர்கிற இடத்தில் விழும் அடி என்பதால் அது மார்க்கோடு நிற்பதில்லை. சட்டென்று கோபம், இரவு பகல் மாறிய தூக்கம், பழைய நண்பர்களை விட்டு விலகுவது, கிரிக்கெட் மட்டையைக்கூடத் தொடாமல் கிடப்பது என்று நடத்தையிலும் தெரியும். இதில் எதுவும் தனியாக ஆதாரம் ஆகாது. பதினேழு வயது என்றாலே கொஞ்சம் அப்படித்தான். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் கவனியுங்கள். நிறுத்திவிட்டால் சில மாதங்களில் ஞாபகமும் கவனமும் ஓரளவு திரும்புவதும் உண்டு.

ஒரு வேண்டுகோள். தெரிந்தவுடன் பையனை அறையில் பூட்டிவைக்காதீர்கள். தினமும் மதுவும் இந்த மாத்திரையும் எடுத்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கித் தெளியட்டும் என்று விடவே கூடாது.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறீர்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், தன் உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 64ஏ பிரிவு. மாறாக, 18 வயதாகாத பிள்ளைக்கு மது வாங்கிக் கொடுக்கும் மாமாவுக்குத்தான் 7 ஆண்டு வரை சிறை. திருவிழாவில் "ஒரு கிளாஸ்தானே" என்று ஊற்றிக் கொடுப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம், பாட்டியின் தூக்க மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அந்த அட்டை ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 1 மணிவரை என் அறையில் இருப்பேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால், சத்துணவுக்கூடத்துப் பக்கம் உள்ள சின்ன கேட் வழியாக வாருங்கள். அதைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்