உன் பழைய நோட்டு

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

உன் மின்னஞ்சலைப் படித்து எட்டு நாள் ஆகிவிட்டது. இடையில் இரண்டு முறை தொலைபேசியில் பேசினோம். குளிர் எப்படி இருக்கிறது, வாடகை கட்டினாயா என்று கேட்டேனே தவிர, நீ எழுதியதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பேசி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. அதனால் தாளில் எழுதி இந்தப் பார்சலோடு வைக்கிறேன்.

"கவிதை எழுதுவதை விட்டுவிட்டேன் அம்மா, யாருக்கும் பயன்படாத ஒன்றை இத்தனை வருடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். உன் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் ஒருவர் "இதன் விளைவு என்ன, அதை எப்படி அளப்பாய்?" என்று குறித்திருந்ததையும் சொல்லியிருந்தாய். அவர் கேட்டது சரியான கேள்விதான். அரசின் கொள்கைகளைப் படிக்கப் போன பெண் நீ. ரேஷன் கடைக்கு அரிசி வந்து சேர்ந்ததா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் உன் கவிதை நோட்டின் மேலும் வைத்துவிட்டாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ போகும் பஸ் ஆல்ட்விச் வழியாகச் செல்கிறது என்றாய். அதை ஒட்டிய ஹாட்டன் தெருவில் லண்டன் பொருளாதாரக் கல்லூரி இருக்கிறது. மைக்கேல் ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1951இல் அங்கே அரசியல் பேராசிரியராக வந்தார்; அவரை வைத்துத்தான் உனக்குப் பதில் சொல்லப் போகிறேன். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் சோஷலிஸ்டான ஹெரால்டு லாஸ்கி. ஓக்‌ஷாட்டோ பழமையில் பற்றுள்ளவர். முப்பத்தோரு ஆண்டு அரசியல் அறிவியல் நடத்திய நான், லாஸ்கிக்குப் பல வகுப்புகள் ஒதுக்கினேன். ஓக்‌ஷாட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக உட்கார்ந்து படித்தபோதுதான் எவ்வளவு பெரிய அநியாயம் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

1947இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, அரசியலில் பகுத்தறிவுவாதத்தைப் பற்றியது. நம் ஊரில் பகுத்தறிவு என்றால் சாதியையும் மூடநம்பிக்கையையும் கேள்வி கேட்பது; அதை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் சாடியது வேறொன்றை. எந்த அறிவையும் விதிகளாக எழுதிவிடலாம், எழுத முடியாதது அறிவே இல்லை என்கிற எண்ணத்தை. அவர் காட்டிய உதாரணம் சமையல் புத்தகம். நல்ல சமையல்காரருக்குத் தெரிந்தது அவ்வளவும் அந்தப் புத்தகத்தில் அடங்கிவிடாது என்றார்.

போன மாதம் நீ சொதி வைக்க அளவு கேட்டாய், நினைவிருக்கிறதா? பாசிப்பருப்பு இவ்வளவு, இஞ்சி இவ்வளவு என்று சொல்ல முடிந்தது. தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேகட்டும், இரண்டாம் பால் அடுத்து என்பதையும் சொன்னேன். தலைப்பால் ஊற்றிய பிறகு எப்போது அடுப்பை அணைப்பது என்று கேட்டபோது எனக்குச் சொல் வரவில்லை. "நுரை கூடி வரும், கொதிக்க விடாதே, பார்த்தால் தெரியும்" என்றேன். உனக்குப் பால் திரிந்துபோயிற்று. மறுவாரம் திரியவில்லை. அந்த ஒரு வாரத்தில் நான் உனக்குப் புதிதாக எதையும் கற்றுத் தரவில்லை. ஓக்‌ஷாட் பக்கம் பக்கமாக விளக்கியதை நம் அடுக்களையில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: கைப்பக்குவம்.

அதே கட்டுரையில் அவர் சீன ஞானி ஜுவாங்சியின் கதை ஒன்றையும் எடுத்துச் சொல்கிறார். மண்டபத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் அரசனிடம், கீழே சக்கரம் செதுக்கும் தச்சன் வந்து, இறந்துபோனவர்கள் விட்டுச்சென்ற சக்கையையா படிக்கிறீர்கள் என்று கேட்கிறான். அரசனுக்குக் கோபம் வருகிறது. தச்சன் தன் தொழிலைச் சொல்கிறான்: உளியை மெதுவாக ஓட்டினாலும் சரிவராது, வேகமாக ஓட்டினாலும் சரிவராது; சரியான வேகம் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது; அதை என் மகனுக்குக்கூடச் சொல்லித் தர முடியவில்லை, எழுபது வயதிலும் நானே செதுக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அந்தத் தச்சன்தான் முதலில் நினைவுக்கு வந்தான்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. வானத்தைத் தொடக் கட்டிய பாபேல் கோபுரத்தைத் தலைப்பாக வைத்து ஒழுக்கத்தைப் பற்றி எழுதியது. அங்கே திடீரென்று கவிதைக்கு வருகிறார். கவிஞர் மனத்தில் ஒரு கருத்தை முழுதாக வைத்துக்கொண்டு பிறகு அதைச் சொற்களில் பெயர்ப்பதில்லை. எழுதி முடிக்கும்வரை தான் என்ன சொல்ல வருகிறோம் என்பது அவருக்கே தெரியாது. சொல்ல நினைத்ததும் சொன்னதும் இரண்டு பொருள்கள் அல்ல. இதைச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறார்: மனிதச் செயல் எல்லாவற்றுக்குமே இந்தக் கவிதைத் தன்மை உண்டு. நேர்மை, நீதி என்கிற பெரிய சொற்களை முதலில் யோசித்துவிட்டு மனிதர்கள் வாழத் தொடங்கவில்லை. வாழ்ந்தார்கள், அந்த வாழ்விலிருந்து அச்சொற்கள் பின்னால் வடிந்தன.

பன்னிரண்டு வயதில் நீ மழையைப் பற்றி ஒரு கவிதை எழுத உட்கார்ந்தாய். எழுந்தபோது அது தாத்தாவின் குடையைப் பற்றிய கவிதையாக இருந்தது. "நான் இதை எழுதப் போகவே இல்லையே" என்று என்னிடம் ஓடி வந்து காட்டினாய். அந்த முகம் எனக்கு அப்படியே இருக்கிறது. ஓக்‌ஷாட் சொல்வதை நீ அன்றைக்கே அறிந்திருந்தாய்.

கவிதைக்கும் ஆட்சிக்கும் இடையிலான வழக்கு மிகப் பழையது. பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் கவிஞர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார்; அதைப் பரீட்சைக்கு எல்லோரும் எழுதுவார்கள். அதே நூலில் தத்துவ அரசனை அவர் ஓர் ஓவியனாகக் காட்டுவதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. அந்த ஓவியன் வரையத் தொடங்கும் முன் பலகையைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்பான். அந்தப் பலகை ஒரு நகரம். துடைக்கப்படுவது மனிதர்கள் வாழ்ந்துவந்த வாழ்க்கை. படம் முழுவதையும் தலைக்குள் முடித்துவைத்துக்கொண்டு வருகிறவனை நான் கலைஞன் என்று ஏற்க மாட்டேன். கனவு காண்பதும் ஆள்வதும் ஒன்றுசேர்ந்தால் கொடுங்கோன்மை பிறக்கும் என்று ஓக்‌ஷாட்டும் பின்னாளில் எழுதினார். தன் கனவை ஊரார் தலையில் கட்டுகிறவனுக்கு வழியில் எதுவும் புதிதாகத் தென்படாது. மழையை எழுதப் போனவன் மழையைத்தான் எழுதித் தீருவான், குடை எதிரே வந்து நின்றாலும்.

இனி என் சண்டை. 1951இல் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது ஆற்றிய உரையில் அவர் பெண்களின் வாக்குரிமையை உதாரணமாக எடுத்தார். இங்கிலாந்தில் வேறு பல வகைகளில் பெண்களுக்குச் சட்டப்படி இடம் கிடைத்துவிட்டிருந்தது. வாக்கு மட்டும் இல்லாதது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. அந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்ததே அந்த மாற்றம், இயற்கை உரிமை என்றெல்லாம் பேசத் தேவையில்லை என்றார். மரபு தானே ஜாடை காட்டும், அந்த ஜாடையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் அரசியல் என்பது அவர் வாதம். சிறைக்குள் உண்ணாநோன்பு இருந்த பெண்கள் இந்த விளக்கத்தில் எங்கே இருக்கிறார்கள்? 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கும், 1928இல்தான் ஆண்களுக்குச் சமமாக எல்லோருக்கும் வாக்கு வந்தது. மரபின் ஜாடை புரிய அவ்வளவு காலமும் அவ்வளவு வலியும் வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஹாட்டன் தெருவில் அதே கல்லூரியில் படித்து 1923இல் முனைவர் பட்டம் பெற்றவர் அம்பேத்கர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர், நம் கிராமத்தை அறியாமையின் குகை என்றார். அந்தக் கிராமத்தின் மரபு அவருக்குக் காட்டிய ஜாடை என்ன? குடிக்கத் தண்ணீர் எடுக்காதே என்பது. மரபுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருங்கள் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? ஓக்‌ஷாட்டை மேற்கோள் காட்டும் எவரிடமும் நான் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டேன்.

ஆனால் பார், இங்கேதான் எனக்கு அவருடைய கவிதைப் பேச்சு அவருடைய மரபுப் பேச்சைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அரசியலமைப்பு 1950 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வயது வந்த எல்லோரையும் சேர்த்து வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலை 1948லேயே தொடங்கிவிட்டது. வாக்களிக்கும் உரிமை தாளில் முழுதாக வருவதற்குள் எழுத்தர்கள் வீடு வீடாகப் போனார்கள். பிரிவினையில் வந்த அகதிகளை எந்த ஊரில் சேர்ப்பது? 180 நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதி அவர்களிடம் பொருளிழந்தது. அகதிகள் மனு எழுதினார்கள். இங்கேயே நிலையாக வாழப் போகிறேன் என்று உறுதி சொன்னால் போதும் என்று வழி செய்யப்பட்டது. குடிமகன் யார் என்பதைத் தீர்மானித்துவிட்டுப் பட்டியல் எழுதவில்லை. பட்டியல் எழுத எழுத, குடிமகன் யார் என்பது தெளிந்தது. சொல்ல நினைத்ததும் சொன்னதும் ஒன்றாகவே பிறந்தன. நான் அறிந்தவரை இதைவிடப் பெரிய கவிதைச் செயல் இந்த நாட்டின் அரசியலில் நடக்கவில்லை.

அந்தப் பட்டியலில் வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவானார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயர் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். மொத்த வாக்காளர்கள் சுமார் 17 கோடி 30 லட்சம். அந்த 28 லட்சத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அவர் செய்தது சரி என்பேன்.

உன் ஆச்சி எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? திண்ணையில் வந்து உட்கார்ந்த எழுத்தரிடம் தாத்தா, ஆச்சியை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார். உள்ளே நெல் புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி, கதவுக்குப் பின்னால் இருந்து தன் முழுப்பெயரைச் சொன்னாளாம். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயர் எழுத்தில் ஏறியது அன்றுதான். "ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, சொன்ன பிறகுதான் சொல்ல ஆசைப்பட்டது தெரிந்தது" என்பாள். அவள் ஓக்‌ஷாட்டின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, கவிதை எழுதினால் நல்ல கொள்கை வகுக்கலாம் என்று அம்மா சொல்கிறாள் என எடுத்துக்கொள்ளாதே. அப்படி எடுத்துக்கொண்டால் உன் நோட்டுக்கு மறுபடியும் ஒரு பயன் தேடியவளாகிவிடுவேன். 1959இல் ஓக்‌ஷாட் கவிதைக்காகவே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1933இல் வந்த தன் முதல் பெரிய நூலில் கவிதையை அன்றாட நடைமுறை வாழ்வின் கணக்கில் சேர்த்திருந்தவர், இருபத்தாறு ஆண்டு கழித்து அதை மாற்றிக்கொண்டு கவிதைக்குத் தனிக் குரல் உண்டு என்றார். மனித குலம் நடத்துவது முடிவில்லாத ஓர் உரையாடல். அதில் விஞ்ஞானம் பேசும், வரலாறு பேசும், அன்றாடக் காரியம் பேசும், கவிதையும் பேசும். யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை, எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அண்மை நூற்றாண்டுகளில் காரியமும் விஞ்ஞானமும் மட்டுமே பேசிப் பேசி அந்த உரையாடல் சலிப்பாகிவிட்டது என்று அவர் வருந்தினார். கவிதை உலகத்தை மாற்றாது, விளக்காது, பார்த்து மகிழும். கோதுமைப் பயிருக்கு நடுவே நட்ட காட்டுப்பூ என்று அந்தக் கட்டுரையை முடிக்கிறார்.

நட்பும் அன்பும் கவிதைக்கு அருகில் இருக்கின்றன என்றும் அதில் சொல்கிறார். ஒருவரால் நமக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல், அவர் இருப்பதிலேயே மகிழ்வது. நீ பிறந்த அன்று உன்னைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினார்கள். இரவு முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

பார்சலில் மிளகாய்ப்பொடி இரண்டு பொட்டலம், சுக்கு, மாவடு, நீ கேட்ட பருத்திச் சேலை எல்லாம் இருக்கின்றன. சேலைக்குள் உன் பழைய நோட்டை வைத்திருக்கிறேன், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. திறந்து படிக்கவில்லை, ஈரம் பட்டு ஓரம் மட்டும் சுருண்டிருந்தது, இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தேன். கடைசியில் பன்னிரண்டு பக்கம் எழுதாமல் கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா