பனிக்கதையில் விட்டுப்போன தங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' (தீ மூட்ட) கதையைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடுங்குளிரில் தனியே போகாதே என்ற பெரியவர் பேச்சைக் கேட்காமல் ஒருவன் தனியாகப் போனான், விறைத்துச் செத்தான் என்று முடித்துவிட்டார்கள். சரி, கதையில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மைனஸ் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது செல்சியஸில் மைனஸ் 59இல், அந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு வரிகூட இல்லை. (ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி விழுந்தாலே படம் போட்டுச் செய்தி போடுகிறீர்கள்!)

1896 ஆகஸ்டில் கனடாவின் யூகான் பகுதியில், குளோண்டைக் ஆற்றில் சேரும் ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. மறு வருடமே கூட்டம் கிளம்பிவிட்டது, 21 வயது ஜாக் லண்டனும் அதில் ஒருவர். ஹெண்டர்சன் ஓடையில் தங்கம் தோண்டத் தன் பேருக்கு இடம் பதிந்தார், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு ஊர் திரும்பினார். கதையில் அந்த ஆள் போய்ச் சேர வேண்டிய முகாமும் அதே ஹெண்டர்சன் ஓடையில்தான் இருக்கிறது. கூட்டாளிகளோடு நேர்வழியில் போகாமல் அவன் ஏன் சுற்றிப் போகிறான் என்றால், பனி இளகும் காலத்தில் யூகான் ஆற்றுத் தீவுகளிலிருந்து மரம் கொண்டுவர முடியுமா என்று பார்த்துவரத்தான்.

எனக்கு இந்த மரம்தான் முக்கியம். அங்கே தங்கம் தோண்டப் போனால் மண்ணே உறைந்து பாறையாகக் கிடக்கும், கடப்பாரை இறங்காது. குழிக்குள் விறகு அடுக்கித் தீ மூட்டி, இளகிய மண்ணை அள்ளி மேலே ஏற்றி, திரும்பவும் தீ மூட்டி, இப்படியே குளிர்காலம் பூராவும் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். தீ மூட்டுவதே பிழைப்பாக இருந்த இடத்தில், தன் காலைக் காயவைக்க ஒரு தீ நிற்காமல் ஒருவன் சாகிறான். கால் நனைந்ததுகூட நிலத்தின் குணம்தான்: ஓடை அடிவரை உறைந்தாலும் மலைச்சரிவின் ஊற்றுநீர் உறையாமல் பனிக்கு அடியில் ஓடும். சுள்ளி ஒடிக்க வசதியாக இருக்கிறதே என்று ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியிலேயே தீ மூட்டினான். ஒடிக்க ஒடிக்க மரம் ஆடி, கிளையில் தேங்கிய பனி மொத்தமும் தீமேல் விழுந்தது. முட்டாள்தனம் என்பதைவிட, நேரத்தை மிச்சம் பிடித்தே பழகியவனின் அவசரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த அவசரம் நீலகிரியில் உள்ள எங்கள் பந்தலூர், தேவாலாவுக்குப் புதிதல்ல. குளோண்டைக்குக்கு 17 வருடம் முன்னாலேயே, 1879இல் தொடங்கி, எங்கள் பகுதியும் சேர்ந்த வயநாட்டின் தங்கத்தைக் காட்டி இங்கிலாந்தில் 30க்கு மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. தோண்டிய பாறையில் செலவுக்குக்கூடத் தங்கம் தேறவில்லை, சில வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டன. இங்கே ஆளைச் சாய்த்தது குளிர் அல்ல, மலேரியா. அதற்கு முன்பே பணியர்களும் குறும்பர்களும் இந்த ஓடைகளில் தங்கம் அரித்திருக்கிறார்கள். குளோண்டைக்கிலும் ஹான் என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். கூட்டம் வந்ததும் அவர்களுடைய தலைவர் ஐசக், தன் மக்களை ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் மூஸ்ஹைடு என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். லண்டனின் கதையில் அவர்கள் எங்கும் வரவில்லை. உங்கள் கட்டுரையிலும்தான்.

அடுத்து இப்படி எழுதும்போது ஒரு வரைபடமாவது போடுங்கள். அப்புறம், தேவாலா காட்டுக்குள் அந்தக் காலத்துச் சுரங்கக் குழிகள் இன்னும் மூடாமல் கிடக்கின்றன, உங்கள் நிருபர் வந்தால் காட்டுவதற்கு இங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்தலூர்