வளைஞ்ச காசு, கொத்துப்பட்ட காசு: ஏன் அப்படியே விக்கிறோம்

நம்ம கடைக்கு வர்ற எல்லாருக்கும் வணக்கம்.

புதுசா வச்சிருக்கற பழைய இங்கிலாந்து வெள்ளிக் காசு ட்ரேயப் பாத்துட்டு போன ரெண்டு மாசத்துல நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் கேக்கறீங்க, "ஏங்க, இது வளைஞ்சு கெடக்கு, மேல குத்து குத்தா தழும்பு வேற, டேமேஜ் பீஸுக்கு ஏன் இந்த வெல?" ஒவ்வொருத்தருக்கும் கவுண்டர்ல நின்னு சொன்னா பாதியில அடுத்தவங்க வந்துடறாங்க, அதான் சாவகாசமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ட்ரேல முதல் காச எடுத்துக்கறேன். இங்கிலாந்த ஆண்ட எத்தல்ரெட் ராஜாவோட வெள்ளி பென்னி, அவர் ஆண்ட காலம் 978லேந்து 1016 வரைக்கும். ஒண்ணரை கிராம் சொச்சம் எடை, ரெண்டு சென்டிமீட்டர் அகலம், கையில வச்சா வச்ச மாதிரியே தெரியாது. தலைப்பக்கம் ராஜா முகம், சுத்தி அவர் பேரு. பூப்பக்கம் ரெட்டைக் கோட்டுல ஒரு பெரிய சிலுவை ஓரத்துலேந்து ஓரம் வரைக்கும் ஓடும், அதச் சுத்தி காசு அடிச்சவர் பேரும் அடிச்ச ஊரும் இருக்கும். இதுல எயாட்வோல்ட்னு இருக்கு, ஊரு லண்டன். நடுவுல ஒரு எழுத்து அச்சு அசலா இங்கிலீஷ் 'பி' மாதிரி இருக்கும், அது 'பி' இல்ல, 'வ' சத்தத்துக்கு அவங்க வச்சிருந்த பழைய எழுத்து, அது தெரியாம எயாட்போல்ட்னு படிச்சிடுவோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல சுத்தியல் புடிச்ச ஒரு ஆளோட பேரு இப்ப உங்க உள்ளங்கையில இருக்கு, எனக்கு இத நெனச்சா இன்னிக்கும் சிலிர்க்கும்.

இப்ப அந்த தழும்புக்கு வர்றேன். லென்ஸ் வச்சுப் பாத்தீங்கன்னா கத்தி முனையால கொத்தின மாதிரி சின்னச் சின்னதா பிறை வடிவுல பள்ளம் தெரியும். இது வைக்கிங் ஆளுங்க, அதாவது வடக்க டென்மார்க், நார்வே, ஸ்வீடன் இருக்கற ஸ்காண்டிநேவியாலேந்து கப்பல்ல வந்து படையெடுத்தவங்க, செஞ்ச வேலை. நம்ம ஊர்ல நகைக்கடைல தங்கத்த கல்லுல உரசிப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி அவங்க வெள்ளிக் காச வளைச்சுப் பாப்பாங்க, முனையால கொத்திப் பாப்பாங்க, உள்ள மட்டமான உலோகம் இருந்தா காட்டிக் குடுத்துடும். அவங்களுக்கு அதுல இருக்கற ராஜா முகம் முக்கியம் இல்ல, வெள்ளியும் எடையும் தான் முக்கியம். அப்போ தழும்பு இருந்தா என்ன அர்த்தம்? இந்தக் காசு பெரும்பாலும் இங்கிலாந்த விட்டு கப்பல் ஏறிப் போயிருக்கு.

ஏன் போச்சுன்னா கப்பம். 991ல மால்டன்ல நடந்த சண்டையில இங்கிலாந்து ஆளுங்க தோத்த பிறகு படையெடுத்து வந்த வைக்கிங் ஆளுங்கள திருப்பி அனுப்ப 10,000 பவுண்ட் குடுத்தாங்கன்னு ஆங்கிலோ-சாக்ஸன் நாளாகமத்துல, அதாவது இங்கிலாந்துல வருஷ வாரியா எழுதி வச்ச அந்தக் காலத்து வரலாத்துக் குறிப்புல, இருக்கு. பவுண்டுக்கு 240 பென்னி, அப்ப அது 24 லட்சம் காசு. அதோட நிக்கல, 1012ல 48,000 பவுண்ட், 1018ல, டென்மார்க்காரர் க்னூட் இங்கிலாந்துக்கு ராஜா ஆனதும், 72,000 பவுண்ட், லண்டன் மட்டும் தனியா 10,500. 72,000ங்கறது ஒரு கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் காசு, அத்தனையும் ஒவ்வொண்ணா கையால அடிச்சது! ஸ்வீடன்ல உப்லாந்துல ஒரு கல்வெட்டு இருக்கு, உல்ஃப்ங்கறவர் இங்கிலாந்துல மூணு தடவை கப்பத்துல பங்கு வாங்கினார், மொதல்ல டோஸ்திங்கற படைத்தலைவர் குடுத்தார், அப்புறம் தோர்கெட்டில்ங்கற தலைவர், அப்புறம் க்னூட்னு செதுக்கி வச்சிருக்காங்க. இங்க இன்னொரு விஷயமும் இருக்கு, 973 வாக்குல எட்கர் ராஜா கொண்டு வந்த ஏற்பாட்டுல இருந்து சில வருஷத்துக்கு ஒரு தடவை பழைய காச வாங்கி உருக்கி புது டிசைன்ல அடிப்பாங்க, அதனால உள்ளூர்ல தங்கினது குறைவு, வடக்க போனது மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. இந்தக் காலத்து இங்கிலாந்து காசு இங்கிலாந்துல கெடைச்சத விட ஸ்காண்டிநேவியால கெடைச்சது தான் அதிகம்.

அதனால தயவுசெஞ்சு வளைஞ்சத நிமித்தாதீங்க. மண்ணுல கெடந்த பழைய வெள்ளி அப்பளம் மாதிரி, பட்டுனு ரெண்டா போயிடும். நம்ம வாடிக்கையாளர் ஒருத்தர் ஆசையா வாங்கின காச குத்துவிளக்கு துலக்கற மாதிரி புளி போட்டுத் துலக்கி எடுத்துட்டு வந்தார், கருப்பு எல்லாம் போய் பளபளன்னு செத்துப்போன மாதிரி இருந்துச்சு, எனக்கு பேச்சே வரல. கருப்பு இருக்கட்டும், எழுத்த எடுப்பா காட்டறதே அது தான். பிவிசி பிளாஸ்டிக் கவரும் வேணாம், நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு ஆயிடும், நாங்க குடுக்கற காகித உறையே போதும்.

அடுத்த கேள்வி, "ஆன்லைன்ல பாதி வெலைக்கு வருதே, நீங்க ஏன் அந்த மாதிரி எடுக்க மாட்டேங்கறீங்க?" பாதி வெலைக்கு வர்றதுல நிறைய வார்ப்பு போலி, அதாவது சுத்தியலால அடிக்காம உலோகத்த உருக்கி அச்சுல ஊத்திச் செஞ்சது. வார்ப்புல விளிம்பச் சுத்தி ஒரு கோடு ஓடும், மேல ஊசிமுனை குமிழ் இருக்கும், எழுத்து சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும். அத விட எனக்கு பெரிய பயம், நிஜமான காசா இருந்து எங்க கெடைச்சதுன்னு சொல்லாம வர்றது தான்.

2015ல ரெண்டு புதையல் கெடைச்சுது, கிட்டத்தட்ட ஒரே காலத்துல புதைச்சது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல வாட்லிங்டன் பக்கம் கெடைச்சத முறைப்படி சொல்லி, மண்ணோட பாளமா பேத்து எடுத்து, பிரிட்டிஷ் மியூசியத்துல வச்சு நிதானமா பிரிச்சாங்க. 2017ல ஆஷ்மோலியன் மியூசியம் 13.5 லட்சம் பவுண்ட் குடுத்து வாங்குச்சு. ஹெரிஃபோர்ட்ஷயர்ல லெமின்ஸ்டர் பக்கம் கெடைச்சத எடுத்தவங்க சொல்லாம பிரிச்சு வித்தாங்க, 2019ல ஜெயிலுக்குப் போனாங்க, சுமார் 300 காசு இருந்திருக்கும்னு கணிப்பு, பெரும்பகுதி இன்னும் கைக்கு வரல. போனது வெள்ளி மட்டும் இல்ல. அந்தப் புதையல்ல ரெண்டு ரோமப் பேரரசர்கள் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கற டிசைன் ஒண்ணு உண்டு, வெசெக்ஸ் ராஜா ஆல்ஃப்ரெடும் மெர்சியா ராஜா சேயோல்வுல்ஃபும் (ரெண்டும் அப்ப இங்கிலாந்துல இருந்த தனித்தனி ராஜ்ஜியம்) ஒரே டிசைன அடிச்சிருக்காங்க. 2015க்கு முன்னாடி ஆளுக்கு ஒரு காசு தான் உலகத்துக்கே தெரியும். நாளாகமம் சேயோல்வுல்ஃப புத்தியில்லாத ஆளுன்னு ஒதுக்கி வச்சிருச்சு, காசோ ரெண்டு பேரும் சரிசமமா கூட்டு வச்சிருந்தாங்கன்னு சொல்லுது. எந்தக் காசு எதோட சேந்து எங்க கெடந்துச்சுன்னு தெரிஞ்சா தான் இதெல்லாம் பேச முடியும்.

 

சட்டம் இதுல தெளிவா இருக்கு. இங்கிலாந்துல 300 வருஷத்துக்கு மேல பழைய தங்கம் வெள்ளிக் காசு ஒரே எடத்துல ரெண்டோ அதுக்கு மேலயோ கெடைச்சா அது புதையல், 14 நாளுக்குள்ள சொல்லணும். ஒத்தக் காசு பொதுவா அதுல வராது, ஆனாலும் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் நடத்தற பதிவேட்டுல ஏத்தி வச்சா எல்லாருக்கும் உபயோகம். அதனால தான் நம்ம ஒவ்வொரு காசோடயும் ஒரு சீட்டு தர்றோம், எடை, கெடைச்ச எடம், இதுக்கு முன்னாடி யார் கலெக்ஷன்ல இருந்துச்சு, எல்லாம் அதுல இருக்கும். அந்தச் சீட்டத் தூக்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு நீங்க விக்க வந்தா நான் மொதல்ல கேக்கறது அதத்தான்.

எத்தல்ரெட் காசு இப்ப ஆறு இருக்கு, மூணு வளைஞ்சது, ஒண்ணு சிலுவைக் கோட்டோட சரிபாதியா வெட்டி அரைக்காசா செலவழிச்சது. வாங்கணும்னு இல்ல, சனிக்கிழமை மத்தியானம் வாங்க, லென்ஸ் டேபிள் மேலயே இருக்கும். விளிம்ப மட்டும் புடிச்சுப் பாருங்க.

அன்புடன்,
உங்க காசுக்கடை