போதகர் ஜான் ஏம்ஸுக்கு ஒரு பதில் கடிதம்

அன்புள்ள ஏம்ஸ் ஐயா,

1956-ல், அயோவா மாநிலத்துக் கிலியட் ஊரிலிருந்து, ஏழு வயதுகூட நிரம்பாத மகனுக்கு நீங்கள் எழுதிய கடிதம் எனக்கு வந்ததல்ல. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சன் 2004-ல் அதை ‘கிலியட்’ நாவலாக ஊருக்கே கொடுத்துவிட்டாரே, என்ன செய்ய?

அந்தக் கடிதத்தில் ஒரு காட்சி: மின்னல் விழுந்து எரிந்த பாப்டிஸ்ட் தேவாலயத்தை ஊரே கூடி மழையில் இடித்து அப்புறப்படுத்துகிறது. பாழாய்ப்போன வேதாகமங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் குழிவெட்டி அடக்கம் செய்கிறார்கள். உங்கள் அப்பா கரி படிந்த கையால் ஒரு பிஸ்கட்டை நீட்டுகிறார், அதிலும் சாம்பல். அதையே திருவிருந்தாக வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கிறீர்கள். அலமாரி நிறைய இறையியல் நூல்கள் இருந்தாலும், உங்கள் விசுவாசத்தின் வேர் அந்த பிஸ்கட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த ஒற்றைக்கண் தாத்தா. சங்கிலியில் கட்டுண்ட கிறிஸ்துவைத் தரிசனத்தில் கண்டு, அடிமைமுறையை எதிர்க்கக் கான்சாஸுக்குப் போனவர். இடுப்பில் துப்பாக்கியோடு பிரசங்கம் செய்தவர். 1892-ல் அப்பாவும் நீங்களும் அவர் கல்லறையைத் தேடிப் போனதை எவ்வளவு ஆசையாக எழுதுகிறீர்கள்!

சரி, கிலியட்டில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்று இருந்ததே? யாரோ பின்சுவரில் சருகைக் குவித்துத் தீ வைத்தார்கள். சின்னத் தீதான் என்று சில வரிகளில் முடித்துவிடுகிறீர்கள். அந்தச் சபையார் ஊரைவிட்டே போனார்கள். போகும்போது அவர்களுடைய போதகர், தன் ஆலய வாசலிலிருந்த லில்லிச் செடிகளைத் தோண்டி எடுத்துவந்து உங்களிடம் கொடுத்தார். அவை இன்றும் உங்கள் ஆலயத்தின் முன்னால்தான் இருக்கின்றன. அந்தத் தாத்தாவின் பேரன் நீங்கள். தீ வைத்த அன்று என்ன செய்தீர்கள்? அதைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் உயிர்நண்பரின் மகன் ஜாக், உங்கள் பெயரையே தாங்கியவன், அந்தத் தீயைப் பற்றி உங்களிடம் கேட்டான். அது பழைய கதை என்றீர்கள். டெல்லா என்ற கறுப்பினப் பெண்தான் அவன் மனைவி, அவர்களுக்கு ஒரு பையன் இருக்கிறான், இந்த ஊரில் குடியிருக்க முடியுமா என்றுதான் அவன் ஆழம் பார்த்தான் என்பது உங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஊரைவிட்டுப் போகிறவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி இருக்கிறது. 2008-ல் ராபின்சன் அதே நாட்களை, ஜாக்கின் தங்கை குளோரியின் பக்கத்திலிருந்து ‘ஹோம்’ நாவலில் எழுதினார். ஜாக் போன பிறகு டெல்லா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜாக் வளர்ந்த வீட்டைப் பார்த்தாள். கறுப்பினத்தவருக்கு இரவில் ஆபத்து என்பதால், இருட்டுவதற்குள் போயாக வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிவிட்டாள்.

இது தெரிந்திருந்தால் அந்தத் தீயைப் பற்றி மகனுக்கு இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பீர்களா? உங்களைப் படித்த அளவில், எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்